அரிசி டிரம்முக்குப் பின்னால் இருந்த பார்சல்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் கடனிலிருந்து மீள்வது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். வட்டி அதிகமான கடனை முதலில் அடைக்கச் சொல்லியிருந்தார்கள், வரவு செலவை எழுதி வைக்கச் சொல்லியிருந்தார்கள், ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் வாங்காதீர்கள் என்றிருந்தார்கள். எல்லாம் சரி, நானும் அப்படித்தான் அடைத்தேன். ஆனால் ஆசையை அடக்கினால் மறுபடி கடன் வராது என்ற பொருளில் கட்டுரை முடிந்திருந்தது. அதை மட்டும் என் மனம் ஏற்கவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது 47. பெங்களூரு மர்பி டவுனில் வாடகை வீடு. பிரேசர் டவுன் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் அலுவலக வேலை பார்க்கிறேன். கணவர் சிவாஜிநகரில் சின்னதாக அச்சகம் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, கடைகளுக்கு பில் புக், திருவிழா நோட்டீஸ் என்று கை நிறைய வேலை இருந்தது. அந்தத் தைரியத்தில் 2019-இல் ஒரு ஆப்செட் மிஷினைக் கடனில் எடுத்தோம். அடுத்த மார்ச்சில் ஊரடங்கு. கல்யாணமே இல்லாதபோது பத்திரிகை அடிக்க யார் வருவார்கள்? 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதம் தவணையைத் தள்ளிப்போடலாம் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. நாங்களும் தள்ளிப்போட்டோம். தவணை நின்றதே தவிர வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. மளிகைக்கும் மகனின் ஃபீஸுக்கும் கிரெடிட் கார்டைத் தேய்த்தோம்.

அந்த ஆண்டுக் கடைசியில் மிஷினை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். மிஷின் லோன் பாக்கி 3,40,000. இரண்டு கார்டில் 2,05,000. நகை அடகு 1,10,000. சொந்தக்காரர்களிடம் கைமாற்று 55,000. ஆக 7,10,000 ரூபாய். அதை அடைக்க மூன்றரை ஆண்டுகள் ஆயின.

கார்டு கணக்கை மட்டும் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றும் பலர் அதில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு கார்டில் 1,20,000 நிலுவை. மாத வட்டி மூன்றரை சதவீதம், அதாவது 4,200. அந்த வட்டியின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., 756. குறைந்தபட்சம் 6,000 கட்டினால் போதும் என்று பில்லில் போட்டிருக்கும். கட்டினால் அசலில் கழிவது 1,044 ரூபாய். இதைக் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்த அன்று, தூங்கிக்கொண்டிருந்த கணவரை எழுப்பிக் காட்டினேன். பள்ளியில் நாள் முழுக்க ரசீது போடுகிறவள் நான். சொந்த பில்லை எட்டு மாதம் இப்படிப் பிரித்துப் பார்க்கவே இல்லை.

அப்புறம் கட்டுரையில் சொன்ன மாதிரிதான். அடகில் இருந்த தாலிச் செயினை மீட்டு, விற்று, பெரிய கார்டை முடித்தோம். தாலியைக் கவரிங் செயினில் கோத்துக்கொண்டேன். கணவர் வேறொருவர் அச்சகத்தில் சம்பளத்துக்குப் போனார். மூன்று தீபாவளிக்கு எனக்குப் புடவை எடுக்கவில்லை. 2023 ஜூனில் சக்தி திட்டம் வந்து அரசு பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனதும், பாஸுக்கு எடுத்து வைத்த பணமும் தவணைக்குப் போனது. 2024 ஆடி மாதம் கடைசித் தவணை கட்டினோம். வங்கியிலிருந்து நிலுவை இல்லை என்ற கடிதம் வாங்கி சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தோம்.

எல்லாரும் கதையை இங்கே முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதற்குப் பிறகுதான் நடந்தது.

ஆவணியில் ஓசூரில் என் நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசம். காலையிலிருந்து சமையல்கட்டில்தான் இருந்தேன். இலை போட்டு முடிந்த பிறகு பெண்கள் நாலைந்து பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். நாத்தனாரின் மாமியார் வழியில் ஒரு பெரியம்மா, என் கழுத்துச் செயினை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, "கவரிங்தானேம்மா? பளபளன்னு நல்லாத்தான் இருக்கு" என்றார். அவ்வளவுதான். யாரும் சிரிக்கவில்லை. யாரோ பேச்சை மாற்றினார்கள். நானும் தலையாட்டிவிட்டுப் பாத்திரம் எடுக்க எழுந்துவிட்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. கணவர் தூங்கிவிட்டார். அத்திப்பள்ளி தாண்டும்போது போனை எடுத்தேன். ஒரு ஆப்பில் பட்டு போலவே இருக்கும் புடவை, மயில் கழுத்து நிறம், விலை 2,799. இன்னும் ஏழு நிமிடத்தில் சலுகை முடியும் என்று மேலே ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. சில்க் போர்டு நெரிசலில் பஸ் நிற்பதற்குள் பணம் கட்டிவிட்டேன். கட்டிய அந்த நிமிடம் நெஞ்சில் இருந்த கனம் இறங்கியது. அது உண்மை. பொய் சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது அந்தக் கனம் மறுபடி வந்துவிட்டது.

நாலாம் நாள் பார்சல் வந்தது. பிரித்துப் பார்க்க மனம் வரவில்லை. சமையலறையில் அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்துவிட்டேன். மார்கழி முடிவதற்குள் அந்த இடத்தில் பதினொரு பார்சல்கள் சேர்ந்துவிட்டன. மொத்தம் 14,360 ரூபாய். மூன்று புடவை, காதணிகள், கண்ணாடித் தட்டுகள் ஒரு செட், மகனுக்கு அளவு கேட்காமல் வாங்கிய ஷூ. ஆறு பார்சல்களில் டேப்பைக்கூடக் கிழிக்கவில்லை. மூன்றரை ஆண்டு ஒரு ரூபாய் வீணாக்காதவள், கடன் தீர்ந்த ஐந்தே மாதத்தில் இவ்வளவு செய்திருக்கிறேன்.

பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்ய மகன்தான் டிரம்மை நகர்த்தினான். "அம்மா, இதெல்லாம் யாரோடது?" என்றான். பக்கத்து வீட்டு அக்கா வைக்கச் சொன்னார் என்றேன். ஒவ்வொரு பார்சலிலும் என் பெயர் ஒட்டியிருந்தது. அவன் படித்தான். ஒன்றும் சொல்லாமல் கீழே கூட்டிவிட்டு, பார்சல்களை அதே வரிசையில் அடுக்கி, டிரம்மைப் பழைய இடத்திலேயே தள்ளி வைத்தான். மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் கணவரிடம் நானே சொன்னேன். "கடன் வாங்கினியா?" என்று மட்டும் கேட்டார். இல்லை, சம்பளத்தில்தான் என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. அவர் திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

எங்கள் பள்ளியில் ஆலோசகர் அறைக் கதவில் ஒரு போஸ்டர் ஒட்டியிருக்கிறது. டெலி மானஸ், 14416. மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய மனநல உதவி எண். இலவசம், இரவு பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம். நம் ஊர் மனநல மருத்துவமனையான நிமான்ஸ்தான் இதற்குத் தலைமை மையம். நிமான்ஸ் என்ற பெயரைக் கேட்டாலே நம் ஜனங்களுக்கு ஒரு கூச்சம் இருக்கிறது, எனக்கும் இருந்தது. புடவை வாங்கியதற்கெல்லாம் அங்கே பேசுவார்களா என்றும் தயக்கம். ஒரு சனிக்கிழமை மாலை, மொட்டை மாடியில் துணி எடுக்கப் போன சாக்கில் கூப்பிட்டேன்.

எதிர்முனையில் பேசிய பெண் எவ்வளவு செலவழித்தீர்கள் என்று முதலில் கேட்கவில்லை. வாங்குவதற்கு முன்னால் அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டார். நான் ஓசூர் விஷயத்தைச் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. ஐந்து மாதமாக நான் யாரிடமும் அதைச் சொல்லியிருக்கவில்லை. அவர் காத்திருந்தார். பிறகு, மூன்று வாரம் ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள், எத்தனை மணிக்கு வாங்கத் தோன்றியது, அதற்கு முன் என்ன நடந்தது, வாங்கினீர்களா இல்லையா என்று மட்டும் எழுதுங்கள் என்றார்.

மகனின் பழைய நோட்டில் எழுதினேன். இரண்டு மூன்று வரிகளை அப்படியே தருகிறேன்.

"புதன், இரவு 10.20. ஃபீஸ் கணக்கில் தவறு என்று பெற்றோர் முன்னால் பேச்சு வாங்கினேன். தவறு என்னுடையது இல்லை. காதணி 349. வாங்கவில்லை."

"வெள்ளி, இரவு 11. அண்ணன் போன் செய்தான். அம்மாவை இந்த மாதமும் என்னால் கூட்டிவந்து வைத்துக்கொள்ள முடியவில்லை. அம்மாவுக்கு நைட்டி இரண்டு, 598. வாங்கிவிட்டேன்."

"சம்பள நாள், மாலை 6. ஒன்றும் நடக்கவில்லை. மத்தியானம் சாப்பிடவில்லை. பிரியாணி, டெலிவரி எல்லாம் சேர்த்து 412."

மூன்று வாரத்தில் 23 வரிகள் சேர்ந்தன. அதில் 17 வரிகள் இரவு ஒன்பதரைக்கு மேல். ஆசைப்பட்டேன் என்று எழுதும்படியாக ஒரு வரியும் இல்லை. அவமானம், குற்ற உணர்ச்சி, களைப்பு, பசி, இவைதான் திரும்பத் திரும்ப வந்தன. கட்டுரை எழுதியவருக்கு நான் பணிவாகச் சொல்ல நினைப்பது இதைத்தான். அந்த மயில் கழுத்துப் புடவை மேல் எனக்கு ஆசை இருந்திருந்தால் பிரித்தாவது பார்த்திருப்பேன். ஆசையை விடு என்று சொன்னால் என்னைப் போன்றவர்களுக்கு அது போய்ச் சேராது. ஏற்கெனவே எல்லாவற்றையும் விட்டுவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

இதில் பசி என்று வந்ததுதான் எனக்கே ஆச்சரியம். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும்.

கடன் நாட்களில் எங்கே குறைப்பது என்று பார்த்தபோது வாடகையைக் குறைக்க முடியவில்லை, ஃபீஸைக் குறைக்க முடியவில்லை. குறைக்க முடிந்தது என் தட்டைத்தான். மகனுக்கும் கணவருக்கும் முட்டை, காய் எல்லாம் இருக்கும். எனக்குக் காலையில் காபியும் பன்னும். மத்தியானம் ரசம் சாதம், ஊறுகாய். மாலையில் டீயும் வர்க்கியும். இரவு மீந்த சோறு. இதைச் சிக்கனம் என்றுதான் நினைத்தேன். கடன் தீர்ந்த பிறகும் கை அப்படியே பழகிவிட்டது. பிப்ரவரியில் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கி, கண் இருட்டிக்கொண்டு வந்தது. ரத்தம் சோதித்ததில் ஹீமோகுளோபின் 8.4. பெண்களுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டும். டாக்டரம்மா நேற்றுச் சாப்பிட்டதைச் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இதில் உங்களுக்கு என்று சமைத்தது எது?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

இரும்புச் சத்து மாத்திரையை மக்கள் மருந்தகத்தில் குறைந்த விலைக்கு வாங்கினேன். மாத்திரை போட்டாலும் சாப்பிட்டாலும் ஒரு மணி நேரத்துக்கு டீ, காபி கூடாது, அது இரும்பை உடம்பில் சேரவிடாது என்றார் டாக்டர். எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். இத்தனை ஆண்டுகளாகச் சாப்பிட்ட கையோடு டீ குடித்து வந்திருக்கிறேன்.

இப்போது காலையில் ராகிக் களியோ கூழோ உண்டு. இந்த ஊரில் ராகிக்கா பஞ்சம்? வாரத்தில் மூன்று நாள் கீரை. எங்கள் தெருவில் காலை ஏழு மணிக்கு "சொப்பு, சொப்பு" என்று கூவிக்கொண்டு வரும் அம்மாவிடம் தண்டுக்கீரை கட்டு 20 ரூபாய். பின்வீட்டு முருங்கை மரத்தில் கீரை சும்மாவே கிடைக்கிறது, உருவ ஆள்தான் வேண்டும். மாலை ஐந்து மணிக்கு டப்பாவில் கொண்டுபோன சுண்டலோ வேகவைத்த கடலையோ சாப்பிடுகிறேன். எனக்கும் ஒரு முட்டை. கூடுதல் செலவு வாரத்துக்கு 350 ரூபாய் ஆகிறது. நோட்டில் நானாக நாலாவதாக ஒரு பத்தி போட்டு, மாலையில் சாப்பிட்டேனா என்று எழுத ஆரம்பித்தேன். சுண்டல் சாப்பிட்ட நாட்களில் இரவில் போனைத் தேடுவது பாதிக்கு மேல் குறைந்திருந்தது. இது ஒருத்தியின் நோட்டுக் கணக்கு, ஆராய்ச்சி இல்லை. ஆனாலும் வாரம் 350 மிச்சம் பிடிக்கப் போய், ஐந்து மாதத்தில் 14,000-க்கு மேல் விட்ட என் கணக்கை நான் இரண்டு முறை கூட்டிப் பார்த்துவிட்டேன். மூன்று மாதம் கழித்துச் சோதித்தபோது ஹீமோகுளோபின் 10.9.

காலையில் அல்சூர் ஏரிக்கு நடக்கிறேன். வீட்டிலிருந்து இருபது நிமிடம். போனை எடுத்துப் போவதில்லை. திருவள்ளுவர் சிலை வரை போய்த் திரும்பினால் கணக்குச் சரியாக வரும். 2009 ஆகஸ்டில் சிலை திறந்தபோது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தில் நின்றது ஞாபகம் வரும். வாரத்துக்கு 150 நிமிடம் நடந்தால் போதும் என்கிறார்கள், வாரத்தில் ஐந்து நாள் போனாலே அது ஆகிவிடுகிறது. முதல் மாதம் தனியாகத்தான் நடந்தேன். இப்போது தெருவில் இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். அதில் ஒரு அக்காவுக்கு மகளிர் குழு லோன் மூன்று ஓடுகிறது. நடக்கும்போது அவர் பேசுவதைக் கேட்டால் என் கதை மாதிரியே இருக்கிறது.

போன் விஷயத்தை மகனிடம் ஒப்படைத்தேன். வாங்கும் ஆப்களை எடுத்துவிட்டான். சேமித்து வைத்த கார்டு விவரங்களை அழித்தான். சம்பளக் கணக்கிலிருந்து யு.பி.ஐ.யை எடுத்துவிட்டு, வேறொரு சின்னக் கணக்கில் இணைத்தான். அதில் வாரம் 1,500 மட்டும் போடுகிறேன், தீர்ந்தால் தீர்ந்ததுதான். இரவு ஒன்பதரைக்கு போன் சமையலறை மேல்தட்டில் எவர்சில்வர் டப்பாவுக்குள் போகிறது. முதல் வாரம் கை பரபரத்தது. தூக்கம் வரவில்லை. பழைய புடவைகளுக்கு ஓரம் அடித்தேன், மகனிடம் பேசினேன். அவனும் நானும் இவ்வளவு பேசி எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

பார்சல்களில் நான்கைத்தான் திருப்பி அனுப்ப முடிந்தது, மற்றவற்றுக்குக் கெடு முடிந்துவிட்டது.

ஒன்றுமே செலவழிக்காதே என்று இறுக்கிக் கட்டினால் மறுபடி ஒருநாள் அறுத்துக்கொள்ளும் என்று நோட்டைப் பார்த்த பிறகு எனக்குப் பட்டது. அதனால் மாதம் 600 ரூபாய் ரொக்கமாக எடுத்து, மஞ்சள் தூள் டப்பாவில் வைக்கிறேன். மனசுப் பணம் என்று பெயர். யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாம், நோட்டிலும் எழுத வேண்டாம். முதல் மாதம் அதைத் தொடவே என்னால் முடியவில்லை. எடுக்கப் போனால் கை நடுங்கியது. கடன்பட்டு மீண்டவர்களுக்கு இது புரியும். பஸ்ஸில் உட்கார்ந்து யோசிக்காமல் 2,799 கட்டியவளுக்கு, பட்டப்பகலில் நாற்பது ரூபாய்க்கு மல்லிகை வாங்கக் குற்ற உணர்ச்சி. இரண்டாம் மாதம் கணவரே டப்பாவை எடுத்து என் கையில் கொடுத்தார். பள்ளியில் கூட வேலை பார்க்கும் டீச்சருடன் சிவாஜிநகரில் மசால் தோசை சாப்பிட்டேன். கடந்த ஆகஸ்டில் கணவர், மகனோடு லால்பாக் மலர்க் கண்காட்சிக்கு மெட்ரோவில் போனோம். மூன்று பேரும் புல்வெளி ஓரம் உட்கார்ந்து சுருமுரி என்கிற மசாலாப் பொரி தின்றோம். வீடு வந்து கால் கழுவும்போது நெஞ்சில் அந்தக் கனம் இல்லை.

பெண்கள்தான் இப்படிச் செலவழிக்கிறோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். என் கணவர் அச்சகம் வைத்திருந்த நாட்களில் டீக்கடையில் பத்துப் பேருக்கு அவர்தான் காசு கொடுப்பார். அச்சகம் போன பிறகும் அதை நிறுத்த முடியவில்லை. ஒருநாள் அவரே சொன்னார், "நான் கொடுக்கலேன்னா, இவன்கிட்ட ஒண்ணும் இல்லேன்னு முடிவு பண்ணிடுவாங்க." மொய் எழுதுவதும் அதே கதைதான். போன தடவை அவர்கள் 501 வைத்தார்கள், நாம் 1,001 வைக்காவிட்டால் என்ன நினைப்பார்கள் என்று கடன் வாங்கி மொய் வைத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். நாங்கள் இப்போது 251 வைக்கிறோம். முதல் நாளே போய்க் காய் நறுக்கிக் கொடுத்து, பந்தி முடியும்வரை இருந்துவிட்டு வருகிறோம். இதுவரை யாரும் குறையாக எதுவும் சொல்லவில்லை.

இனி உங்கள் வழியாகச் சிலரிடம் சொல்ல வேண்டியது இருக்கிறது.

முதலில் அந்த ஏழு நிமிடக் கடிகாரம். அடுத்த நாள் பார்த்தாலும் அதே புடவை, அதே விலை, அதே ஏழு நிமிடம். இப்படிப் பொய்யான அவசரம் காட்டுவது, நாம் எடுக்காத பொருளைக் கூடையில் நுழைப்பது, வேண்டாம் என்பவரை வெட்கப்பட வைப்பது, எளிதில் வெளியே வர முடியாத சந்தாவில் சிக்கவைப்பது என்று 13 வகைத் தந்திரங்களைப் பட்டியலிட்டு, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்றே தடை விதிகளைக் கொண்டுவந்துவிட்டது. விதி இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் செய்யலாம். நான் செய்தேன், புகார் எண் வாங்கி வைத்திருக்கிறேன். நீங்களும் இதைப் பெரிதாக எழுத வேண்டும். பகல் பன்னிரண்டு மணிக்குக் கடைத்தெருவில் நம்மை ஏமாற்றுவது கடினம். இரவு பதினொரு மணிக்கு, அவமானப்பட்ட மனசோடு படுத்திருக்கும்போது அந்தக் கடிகாரம் ஓடினால் என்னைப் போன்ற ஒருத்தி என்ன செய்வாள்?

இரண்டாவது, கடைசித் தவணை கட்டிய ஒன்பதாம் நாள் எனக்கு ஒரு செய்தி வந்தது. உங்களுக்கு 3 லட்சம் வரை கடன் முன்கூட்டியே அனுமதிக்கப்பட்டுள்ளது என்று. எந்த இடத்திலிருந்து என்று சொல்ல விரும்பவில்லை. கடனை ஒழுங்காக அடைத்தவர்களைத்தான் தேடி வருகிறார்கள். நல்லவேளை, அந்த வலையில் மட்டும் விழவில்லை. கார்டு நிலுவையை முடித்தவர்கள், வேண்டாம் என்றால் கார்டையே மூடச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். ஏழு வேலை நாட்களுக்குள் மூடாவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் வங்கி நமக்குத் தர வேண்டும் என்று 2022-இல் ரிசர்வ் வங்கி விதி போட்டிருக்கிறது. நான் ஒன்றை மூடினேன். இன்னொன்றையும் இந்த மாதம் மூடப் போகிறேன். கடன் விவர அறிக்கையை ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாக எடுக்கலாம், அதில் கணக்கு மூடப்பட்டது என்று வந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது உங்களிடம். கடனை எப்படி அடைப்பது என்று நிறைய எழுதுகிறீர்கள், அதற்கு நன்றி. அடைத்து முடித்த வீடுகளைப் பற்றியும் ஞாயிறு இணைப்பில் எழுதுங்கள். சிக்கனம் என்று உடம்பைக் கெடுத்துக்கொண்ட பெண்கள் எங்கள் தெருவில் மட்டும் ஐந்தாறு பேர் இருக்கிறார்கள். ஒரு டாக்டரிடம் கேட்டு, குறைந்த செலவில் ஒரு நாளைக்கு என்ன சாப்பிடலாம் என்று போடுங்கள். போனை விட முடியாதவர்களுக்கென்று நிமான்ஸில் 2014 முதல் ஷட் கிளினிக் என்று ஒரு பிரிவு நடக்கிறது. பெங்களூரிலேயே இருந்துகொண்டு எனக்கு அது இந்த ஆண்டுதான் தெரியும். அதையும் எழுதுங்கள். 14416 என்ற எண்ணை மட்டும் தயவுசெய்து கொட்டை எழுத்தில் போடுங்கள்.

அந்த மயில் கழுத்துப் புடவையைத் திருப்பி அனுப்ப முடியவில்லை. ஆடிக் கிருத்திகைக்குக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். கழுத்தில் அதே கவரிங்தான்.

கடிதத்தை வெளியிட்டால் என் பெயரைப் போட வேண்டாம். ஓசூரில் நாத்தனார் வீட்டிலும் உங்கள் பேப்பர்தான் வாங்குகிறார்கள். படித்தால் நான்தான் என்று அவருக்குத் தெரிந்துவிடும், அது பரவாயில்லை, அவரிடம் நானே சொல்லலாம் என்றுதான் இருக்கிறேன். அந்தப் பெரியம்மாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம். அவர் என்னைப் புண்படுத்த நினைத்துச் சொல்லவில்லை. கிளம்பும்போது என் பையில் இரண்டு சீப்பு வாழைப்பழம் வைத்து அனுப்பியவரும் அவர்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மர்பி டவுன், பெங்களூரு